நாலு வரிசை விதைப்பு மெஷினும் நான் சொல்லாமல் விட்டதும்

தினா, உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ ஹாஸ்டலில் இருந்ததில்லை, வெளியூரில் வேலை பார்த்ததும் இல்லை. இருபத்தெட்டு வருஷம் திருவொற்றியூரில் ஒரே வீட்டில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே இருந்தாய். இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் நான் கொஞ்சம் நீட்டினால் "சரிம்மா, சிக்னல் இல்ல, வச்சிடறேன்" என்பாய். இன்று எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இடையில் யாரும் வெட்டக்கூடாது. அதனால் வேலை முடிந்து வந்து, உன் நைனாவிடம் பேசி முடித்த கையோடு, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அது வயசு இல்லை, சந்தோஷம்.

காலையில் நீ அனுப்பிய படம் வந்தபோது நான் எர்ணாவூர் எடை மேடையில் என் கேபினில் இருந்தேன். மேடை மேல் ஒரு கன்டெய்னர் லாரி ஏறி நிற்கிறது, பின்னால் ஏழெட்டு வண்டி வரிசையில் இருக்கிறது, நான் ஃபோனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பு மண்ணில் நான்கு பச்சைக் கோடுகள். ஒரு கோடும் வளையவில்லை, ஒரு இடமும் விட்டுப்போகவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கியே வந்துவிட்டார். "இன்னாக்கா, சீட்டு குடுப்பியா மாட்டியா?" என்றார். சீட்டுக்குப் பதில் ஃபோனை ஜன்னல் வழியாக நீட்டினேன். "தோ பாரு. என் புள்ள போட்ட மக்காச்சோளம். அவன் விவசாயம் பண்றான்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நீ பெரம்பலூர் போய் ஒரு வருஷம் ஆகிறது, அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது இன்றுதான்.

ஆமாம் தினா. இதுவரை நான் எல்லோரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஹார்பரில் கிரேன் ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுவிட்டு, உன் பெண்டாட்டி பவானியின் அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, ஏழு ஏக்கர் சும்மா கிடக்கிறது, நான் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பியபோது என்னால் தெருவில் தலை காட்ட முடியவில்லை. மாமனார் வீட்டோடு போய்விட்டான் என்பார்களே என்று பயம். அதனால் மகன் டிராக்டர் கம்பெனியில் மேனேஜர், பெரம்பலூர் கிளையில் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன். எதிர்வீட்டு அக்கா தன் தங்கை மகனுக்கு அங்கே வேலை கேட்டு வந்தபோதுகூட முழித்தேனே தவிர உண்மையைச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டப் போகிறேன். ஊரறியச் சொன்ன பொய்யை ஊரறியத்தான் திருத்த வேண்டும். ஆனால் இது சின்னத் தப்பு. பெரியது இன்னொன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

நீ அந்த விதைப்பு மெஷினைப் பற்றி முதலில் ஃபோன் செய்த நாள் நினைவிருக்கிறதா? கையால் விதை ஊன்ற ஆள் கிடைக்கவில்லை, மழை விழுந்த ஈரம் காய்வதற்குள் ஏழு ஏக்கரும் முடித்தாக வேண்டும், புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது என்றாய். வெளிநாட்டில் ஓடிய பழைய மெஷின் ஒன்று, ஒரே தடவையில் நாலு வரிசை விதைக்கிறது, நம் எர்ணாவூரில் பழைய சாமான் விற்கிற யார்டு ஒன்றில் நிற்கிறதாம், படம் பார்த்தேன் என்றாய். "அம்மா, நீ போய் ஒரு வாட்டி பாத்துட்டு வாம்மா. எங்க டிராக்டருக்கு ஒத்து வருமான்னு எனக்கு இங்கருந்து தெரியல" என்றாய். நீ ஊரை விட்டுப் போன பிறகு என்னிடம் கேட்ட முதல் உதவி அது. ஃபோனை வைத்ததும் எனக்கு நடக்கத் தோன்றவில்லை, ஓடத்தான் தோன்றியது.

யார்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், நல்ல மரியாதை. கிரேனுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் நின்ற மெஷினைக் காட்டினார். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நாலு விதைப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓட்டை போட்ட ஒரு தட்டு. டிராக்டர் என்ஜின் ஒரு காற்றாடியைச் சுற்றும், அந்தக் காற்று உறிஞ்சுகிற வேகத்தில் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு விதை ஒட்டிக்கொள்ளும், மண்ணுக்கு நேரே வந்ததும் விழும் என்று விளக்கினார். எனக்கு அங்கேயே அதன் மேல் ஆசை வந்துவிட்டது. "அம்பது குதிரை இருந்தா போதும்மா, இழுத்துட்டுப் போயிரும்லா" என்றார். உன் மாமனாரின் டிராக்டரும் ஐம்பது குதிரைத்திறன்தான். வேறு யாராவது என்றால் அங்கேயே தலையாட்டியிருப்பார்கள். ஆனால் நான் பதினாறு வருஷமாக எடை பார்க்கிறவள். "இழுக்கறது கெடக்கட்டும் அண்ணாச்சி. வரப்பு முனையில திரும்பறப்ப இத்த அப்படியே பின்னால தூக்கணுமே. எவ்ளோ வெயிட்டு கீது?" என்று கேட்டேன். மெஷினில் அறைந்திருந்த தகட்டைக் காட்டினார். தகட்டை நம்பி நான் ஒரு நாளும் சீட்டு போட்டதில்லை. லாரியைக் காலியாக ஒரு தடவை, மெஷினோடு ஒரு தடவை நம் மேடையில் ஏற்றச் சொன்னேன். தகட்டில் இருந்ததைவிட இருநூறு கிலோ கூடுதல்.

காரணம் பார்த்தால், முன்பு வைத்திருந்த யாரோ பெரிய உரப் பெட்டிகளை வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். அதற்கு இடம் வேண்டும் என்று இரும்புச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்து, மெஷினையே டிராக்டரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்திருக்கிறார்கள். விதையும் உரமும் நிரப்பினால் எவ்வளவு வரும் என்று பேப்பரில் கூட்டிப் பார்த்தேன். டிராக்டர் புத்தகத்தில் போட்டிருந்த தூக்கும் அளவுக்கு ஐம்பது கிலோ கீழேதான் வந்தது. யார்டுக்காரர் அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தார். "என்னம்மா, கம்பெனிக்காரன் மாதிரில்லா பாக்குதீங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உனக்கு அப்போதே ஃபோன் செய்து, "தூக்கும்டா, நான் எடை போட்டுட்டேன், கண்ண மூடிகினு வாங்கு" என்றேன். நீ சிரித்தாய். "நீ சொன்னா சரிம்மா" என்றாய்.

அன்று மாலை உன் நைனா டிரெய்லரில் பெங்களூர் சரக்கைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். இட்லி சாப்பிட்டுக்கொண்டே நான் எடுத்த படங்களைப் பார்த்தார். ஒரு படத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "இன்னாமே இது, இவ்ளோ தள்ளி நிக்குது?" என்றார். நான் எடையைச் சொன்னேன், எனக்குப் பாடமாகியிருந்தது. அவர் தலையை ஆட்டவில்லை. "எவ்ளோ வெயிட்டுன்றது வேற, எங்க தொங்குதுன்றது வேற. டிரெய்லர்ல கடைசில ஏத்துனா எனுக்கு ஸ்டியரிங்கே புடிக்காது, முன்னால தூக்கிகினு போவும். டிராக்டருக்கு மூக்கே லேசு. புள்ளையாண்ட சொல்லு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முப்பது டன்னு கன்டெய்னர டெய்லி எடை போடறவ நானு. நீ சாப்ட்டு போய்ப் படு." அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்ததும் அடுத்த சரக்குக்குப் போய்விட்டார்.

உன்னிடம் நான் அதைச் சொல்லவில்லை, தினா. மறந்துபோய் அல்ல. அன்றும் மறுநாளும் நீ ரெண்டு தடவை ஃபோன் செய்தாய், ரெண்டு தடவையும் என் நாக்கு நுனி வரை வந்தது. அந்த மெஷின் என்னுடைய கண்டுபிடிப்பு என்று எனக்கு ஒரு நினைப்பு. உன் புது வாழ்க்கையில் நான் இல்லாமல் முடியாது என்று காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தது. அதில் வேறு யார் கையும் பட வேண்டாம் என்று நினைத்தேன், அது உன் நைனா கையாக இருந்தாலும். எடை எனக்குத் தெரியும். தூரம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததுதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு மறுபடி ஒரு தடவை நினைத்துப் பார்.

மெஷின் பெரம்பலூர் வந்து சேர்ந்ததும், முதல் விதைப்புக்கு லீவு போட்டுவிட்டு நானும் வந்தேன். வந்த அன்றே உன் பெண்டாட்டி என்னை அசத்திவிட்டாள். உன் மாமனார் எப்போதும் ரெண்டு அடிக்கு ஒரு வரிசை போடுகிறவர், மெஷினையும் அப்படியே நெருக்கு என்றார். பவானி கோலமாவு டப்பாவை எடுத்து வந்து களத்தில் நாலு கோடு போட்டாள். "பாருங்கப்பா, டயர் ரெண்டும் வரிசைக்கு நடுவுல ஓடணும். ரெண்டு அடின்னா டயருக்கு டயர் நாலு அடி. நம்ம வண்டிய அவ்வளவு குறுக்க முடியாது, விதை விழப்போற வரிசை மேலயே ஏறும். ரெண்டரை அடி வச்சா டயர் அஞ்சு அடியில நிக்கும். சக்கர ரிம்மைத் திருப்பிப் போட்டா சரியா வந்துடும்" என்றாள். ஏக்கருக்குச் செடி குறையுமே என்றார் அவர். "வரிசைக்குள்ள கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கலாம்பா, அதுக்குப் பல்சக்கரம் இருக்கு" என்றாள். நீ பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல் நின்றாய், ஆனால் உன் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். டிப்ளமோ படித்தது நீ. கணக்குப் போட்டது அவள். உனக்கு ஒன்று சொல்கிறேன்: அவள் கோலமாவு எடுத்தால் நீ வாயை மூடிக்கொண்டு நில். இதுவரை அப்படித்தான் நிற்கிறாய், அதையே தொடர்ந்து செய்.

மறுநாள் காலை நாம் எல்லோரும் சேர்ந்து பெட்டிகளை நிரப்பினோம், விதை, உரம் எல்லாம் விளிம்பு வரை. முதல் தடவை நான்தான் ஓட்டுவேன் என்று உன் மாமனார் ஏறிவிட்டார். முட்டி வலியோடு அவர் ஏறியதைப் பார்த்து நான் கை தட்டினேன். சாலையிலிருந்து வயலுக்கு ஏறுகிற அந்தச் சரிவில் வண்டி மூக்கை நிமிர்த்தியது. முதலில் ஒரு சாண். பிறகு முன் சக்கரம் ரெண்டும் காற்றில் நின்றன. அவர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், திருப்பினால் என்ன, சக்கரம் தரையில் இல்லையே. நீ ஓடினாய். நான் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பவானி மட்டும் கத்தினாள்: "அப்பா, மெஷின இறக்குங்க. லிவர கீழ தள்ளுங்க." அவர் தள்ளினார். மெஷின் தொப்பென்று மண்ணில் உட்கார, முன்சக்கரங்கள் தரையில் வந்து மோதின. அந்த அதிர்ச்சியில் அவர் வாய் ஸ்டியரிங்கில் அடித்து உதடு கிழிந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி அப்படியே போயிருந்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து அவர் மேலேயே விழுந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மூன்று தையல் போடும்போது நீ வெளியே பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "என் தப்புதாம்மா. மெஷின டிராக்டரோட மாட்டற மேல் லிங்க்கை நான்தான் தப்பா வச்சேன்" என்றாய். பவானி உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் நைனா சொன்ன வார்த்தை என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொல்லவில்லை. "விடுடா, எல்லாருக்கும் ஆவறதுதான்" என்றேன். பெற்ற பிள்ளை செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்க, அவனுக்கே நான் ஆறுதல் சொன்னேன். உன் மாமனார் வெளியே வந்ததும் என்னைப் பார்த்துக் கையெடுத்தார். "ஒண்ணும் ஆவலைங்க சம்பந்தி, நீங்க பயப்படாதீங்க" என்றார், அந்தத் தைத்த உதட்டோடு. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது.

மறுநாள் நீ மெஷினை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். யாரும் சொல்லாமலே உன் நைனா பார்த்ததை நீயும் பார்த்துவிட்டாய். "அம்மா, வெயிட்டு சரிதான். அது ரொம்பத் தள்ளி நிக்குது" என்றாய். நான் தண்ணீர்க் குடத்தை நினைத்துக்கொண்டேன். இடுப்பில் வைத்தால் ரெண்டு தெரு தூக்கிப்போகலாம், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து அடி போக முடியாது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம், மெஷின் என்றதும் மறந்துபோனது. நீ உரப் பெட்டிகளைக் கழற்றினாய். பற்றவைத்த சட்டத்தை அறுத்து எடுத்தாய். மெஷின் ஒரு அடி முன்னால் வந்து டிராக்டரோடு ஒட்டிக்கொண்டது. காற்றாடியைச் சுற்றுகிற தண்டு இப்போது நீளம் என்று அதையும் அளந்து குறைத்தாய். டிராக்டரின் மூக்கில் இரும்பு வெயிட்டுகள் வரிசையாக மாட்டினாய். உரத்தைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம், விதையை வயலுக்குப் போன பிறகு நிரப்பலாம் என்று முடிவு செய்தாய். எல்லாம் மாட்டிய பிறகு, மெஷினைத் தூக்கி வைத்துவிட்டு, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையைத் தள்ளிப் பார்த்தாய். பலகை நுழையவில்லை, சக்கரம் அழுத்தி நின்றது. நாலு பேர் சேர்ந்து மூக்கை நிமிர்த்தப் பார்த்தோம், அசையவில்லை. கிரேனுக்குக் கீழே ஆறு வருஷம் நின்றவன் கை அது. ஹார்பரில் படித்ததை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான் என்று நான் அழுதது எவ்வளவு பைத்தியக்காரத்தனம்.

அதற்கு மறுநாள் காலையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதே சரிவில் நீ ஏறினாய். நான் பவானியின் கையைப் பிடித்திருந்த பிடியில் அவள் வளையல் ரெண்டு உடைந்துவிட்டது. நாலு சக்கரமும் தரையோடு ஏறின. வயலில் காற்றாடியைப் போட்டதும் விசில் மாதிரி ஒரு சத்தம். நான் மெஷினுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தேன், நீ வேண்டாம் என்று சைகை செய்தும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய் நீ நிறுத்தியதும் மண்ணைக் கையால் தோண்டினேன். ஒரு விதை. ஒரு சாண் விட்டு மறுபடி தோண்டினேன். ஒரு விதை. ரெண்டு இல்லை, காலி இல்லை, ஒன்று. பதினாறு வருஷமாக டன் கணக்கில் எடை பார்த்த எனக்கு, ஒரே ஒரு விதை சரியான இடத்தில் கிடப்பதைப் பார்த்ததும் அழுகை வந்தது. உன் மாமனார் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வரப்பில் நின்றபடி விரலால் நாலு காட்டினார். நாலு வரிசையும் விழுகிறது என்று அர்த்தம். மூன்றாம் நாள் மாலைக்குள் ஏழு ஏக்கரும் முடிந்தது. அதற்கு மறுநாள் நல்ல மழை.

இன்று சாயங்காலம் உன் நைனாவிடம் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "கோடு நேரா கீது" என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு, உனக்குத்தான் தெரியுமே. சரிவில் நடந்த விபத்தை நான் அவரிடம் இதுவரை முழுசாகச் சொல்லியிருக்கவில்லை, சம்பந்திக்குச் சின்ன அடி என்று மட்டும் சொல்லியிருந்தேன். இன்று எல்லாவற்றையும் சொன்னேன். "நீ சொன்னத நான் அவனாண்ட சொல்லலய்யா" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஃபோனைக் கீழே வைத்தார். "நானும் ஒரு போன் போட்டிருக்கலாம்ல. நீ சொல்லியிருப்பேன்னு உட்டுட்டேன்" என்றார். பிறகு, "அவன் இன்னும் தன் தப்புன்னுதான நெனச்சிகினு கீறான்? மொதல்ல அத்த எறக்கி வையி" என்றார்.

அதனால் இறக்கி வைக்கிறேன். லிங்க்கில் நீ செய்தது ஒரு தப்பும் இல்லை, தினா. எப்படி வைத்திருந்தாலும் அந்த எடை, அந்தத் தூரத்தில், அந்தச் சரிவில் மூக்கைத் தூக்கத்தான் செய்திருக்கும். எச்சரிக்கை வந்தது, என்னிடம் வந்தது, நான் அமுக்கிவிட்டேன். நீ இனி எத்தனையோ மெஷின் வாங்குவாய், எத்தனையோ பேரிடம் யோசனை கேட்பாய். என்னைப் போல அடித்துச் சொல்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேள்: உனக்கு இதில் என்ன தெரியாது? அதற்குப் பதில் சொல்லத் தயங்கினால், அன்றைக்கு மெஷினைத் தூக்காதே. என்னிடமும் கேள். முதலில் என்னிடம் கேள்.

உன் மாமனாரிடம் நீ இதைச் சொல்லாதே. பவானியிடம் வேண்டுமானால் சொல், அவள் எப்படியும் உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். சம்பந்தியிடம் நானே சொல்ல வேண்டும், நேரில், அவர் உதட்டைப் பார்த்து. என்ன சொல்வார் என்று தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்ட மனிதர் கோபப்பட்டாலும் அது நியாயம்தான். வருகிற வெள்ளிக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை விடிய அங்கே இருப்போம். இருப்போம் என்று எழுதியதைக் கவனித்தாயா? உன் நைனா நாலு நாள் வண்டி வேண்டாம் என்று ஆபீசுக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டார். வயலை நடந்து பார்க்க வேண்டுமாம், அந்தச் சரிவையும் பார்க்க வேண்டுமாம். டிக்கெட் போட்டாச்சு. முப்பது வருஷமாக ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டிய மனுஷன், அவருக்கு ஜன்னலோரம்.